மருந்திலும் கொல்லாமை

சென்ற கோடை விடுமுறையில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த என் அண்ணன் மகள் எனக்கென்று ஒரு களிம்பு டப்பா கொண்டுவந்தாள். மாதவிலக்கு நின்றதிலிருந்து இரவெல்லாம் உடம்பு தகித்து, வியர்த்துக் கொட்டி, விடியும்வரை தூக்கமில்லாமல் நான் படும் பாட்டை அவள் பாட்டி போனில் சொல்லியிருக்கிறார். "அத்தை, டாக்டருங்க குடுக்கிற ஹார்மோன் எல்லாம் செயற்கை. கேன்சர் வரும்னு சொல்றாங்க. இது சுத்தமான இயற்கை, காட்டு வள்ளிக்கிழங்குல எடுத்தது. தைரியமா தடவுங்க" என்றாள். அவள் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் என் மனதில் ஒட்டவில்லை.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். எங்கள் வீட்டு அடுப்பில் கிழங்கு ஏறாது. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன என்பது எங்கள் நெறி. தேனும் தொடமாட்டோம். நாட்டு வைத்தியர் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னால், அம்மா அதை நெய்யில் குழைத்துக் கொடுப்பார். தேனைவிட இயற்கையான பொருள் எது? மண்ணுக்குள் விளையும் கிழங்கைவிட இயற்கையான உணவு எது? இருந்தும் தலைமுறை தலைமுறையாக மறுத்து வந்திருக்கிறோம். இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது என்று சமையலறையிலேயே கற்றுக்கொண்டு வளர்ந்தவள் நான். எங்கள் நெறி கேட்கும் கேள்வி வேறு. இது என் கைக்கு வருவதற்குள் எந்த உயிர் எவ்வளவு துன்பப்பட்டது?

இயற்கை ஹார்மோனா, செயற்கை ஹார்மோனா என்று மேலை நாடுகளில் பல ஆண்டுகளாக நடக்கிற வாதம் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அந்த வாதத்தில் எங்கள் நெறி கேட்கும் இந்தக் கேள்வி ஓர் ஓரத்தில் கிடக்கிறது. பிளஸ் டூ மாணவிகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் என்ற முறையிலும், மாலையில் பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூட அருந்தாத வீட்டுப் பெண் என்ற முறையிலும் அதை நடுவில் எடுத்து வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கிழங்கு. காட்டு வள்ளிக்கிழங்கில் டயோஸ்ஜெனின் என்றொரு பொருள் இருக்கிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதிக்குப் போய், அங்கே விளையும் பெரிய வள்ளிக்கிழங்கைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து டயோஸ்ஜெனினைப் பிரித்தெடுத்து, அதைப் படிப்படியாகப் புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றினார். 1944இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனம் அவர் பங்கேற்பில் பிறந்தது. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் குடுவையில், அமிலங்களோடும் வினையூக்கிகளோடும் நடந்தவை. மனித உடம்பில் அந்த வேலையைச் செய்யும் நொதி கிடையாது. கிழங்குச் சாற்றைத் தோலில் தடவினாலும் வாயில் போட்டாலும் அது புரொஜெஸ்டிரோனாக ஆகாது. தொழிற்சாலையில் செய்த புரொஜெஸ்டிரோனைக் களிம்பில் தனியாகக் கலந்திருந்தால்தான் உண்டு. அப்படிக் கலந்தால், இயற்கை என்று அதற்குச் சூட்டிய பெயர் எங்கே போகும்?

மார்க்கருக்கு முந்திய கதையைச் சொன்னால் என் மாணவிகள் வாயடைத்துப் போவார்கள். 1934இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனான்ட் புரொஜெஸ்டிரோனைத் தூய நிலையில் பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது வெறும் 20 மில்லிகிராம். அதற்கு 50,000 பெண் பன்றிகளின் சூலகங்கள் தேவைப்பட்டன. இன்று ஒரு பெண் விழுங்கும் ஒரு குளிகையில் 100 மில்லிகிராம் இருக்கிறது. அன்றைய கணக்குப்படி அந்த ஒரு குளிகைக்கு இரண்டரை லட்சம் பன்றிகள். ஐந்து புலன்களும் உள்ள உயிர்கள். மார்க்கர் தோண்டிய கிழங்கு எங்கள் நெறிப்படி ஓரறிவு உயிர்தான் என்றாலும் அதுவும் உயிர்த்திரள். ஆனால் பன்றியிலிருந்து கிழங்குக்கும், பிறகு சோயா மொச்சைக்கும் மருந்து இறங்கி வந்தது சிறிய காரியமல்ல. இறங்கி வரச் செய்தது ஆய்வகம். செயற்கை என்று ஒதுக்குகிறோமே, அந்த ஆய்வகம்.

அடுத்தது குதிரை. 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெமரின் என்ற மாத்திரை, சூல்கொண்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்களின் கலவை. பல பத்தாண்டுகள் உலகின் கோடிக்கணக்கான பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். அதற்கான பண்ணைகள் பெரும்பாலும் கனடாவின் மானிட்டோபா மாநிலத்திலும் அதையொட்டிய சமவெளிகளிலும் இருந்தன. குளிர்காலம் முழுக்க, சூல்கொண்ட குதிரை திரும்பவும் இடமில்லாத கொட்டடியில் நிற்கும். அதன் பின்புறத்தில் சிறுநீர் பிடிக்கும் பை கட்டியிருக்கும். வசந்தத்தில் குட்டி போடும். மறுபடியும் சினைப்படுத்துவார்கள். ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளை எல்லாம் யார் வளர்ப்பது? விற்பார்கள். விற்றதில் பல இறைச்சிக்குப் போயின.

பொருளாகப் பார்த்தால் இதைவிட இயற்கையான ஹார்மோன் மருந்து இல்லை. உயிருள்ள ஒரு பெண் விலங்கின் உடம்பு தானே சுரந்தது. ஆனாலும் அதில் உள்ள ஈக்விலின் போன்ற சேர்மங்களை மனிதப் பெண்ணின் சூலகம் ஒருநாளும் சுரப்பதில்லை. மறுபுறம், சோயாவிலிருந்து ஆய்வகத்தில் செய்யும் எஸ்ட்ரடயோல் நம் சூலகம் சுரக்கும் அதே மூலக்கூறு, அணுவுக்கு அணு அதே அடுக்கு. இயற்கைக் கட்சிக்காரர்கள் தொழிற்சாலையில் செய்ததை இயற்கை என்கிறார்கள், குதிரையிடம் எடுத்ததைச் செயற்கை என்கிறார்கள். நம் உடம்புக்கு எது சொந்தம் என்பதுதான் அவர்கள் மனதில் உள்ளது. அது நியாயமான கேள்வி. ஆனால் குதிரையின் உடம்பு குதிரைக்குச் சொந்தம் என்பதும் அதே அளவு நியாயம் இல்லையா?

எங்கள் நெறியில் பாவம் மூன்று வழியில் வரும்: நாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். காசு கொடுத்து வாங்குவது மூன்றாவதில் சேரும், சில சமயம் இரண்டாவதிலும் சேரும். புலால் வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்று வள்ளுவர் வைத்த வாதத்தை மருந்துக்கு நீட்டினால் என்ன தவறு? 'நான் கொல்லவில்லையே, மாத்திரைதானே வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

சிறுநீரே தீட்டு என்று சொல்ல வரவில்லை. அதே காலத்து இன்னொரு மருந்தைச் சொல்கிறேன். குழந்தைப் பேற்றுக்கு உதவும் பெர்கோனால் என்ற ஊசி மருந்தும் சிறுநீரிலிருந்தே வந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்கள் மிகுதியாக வெளியேறும். சூலகம் ஓய்ந்துவிட்டது தெரியாமல் மூளையடிச் சுரப்பி அதை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதால் அப்படி. ரோமில் இருந்த செரோனோ நிறுவனம் அந்தச் சிறுநீரை இத்தாலியின் மடங்களில் வாழ்ந்த வயதான கன்னியாஸ்திரிகளிடமிருந்து பெற்றது. 1962இல் இஸ்ரேலில் அந்த மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. பிள்ளை வேண்டாம் என்று துறந்தவர்கள், முகம் தெரியாத பெண்களுக்குப் பிள்ளை கிடைக்கக் கொடுத்தார்கள். அங்கும் சிறுநீர், இங்கும் சிறுநீர். அங்கே ஓர் உயிர் மனமொப்பித் தந்தது, இங்கே ஓர் உயிரைக் கட்டிப்போட்டு எடுத்தார்கள். அறம் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

இயற்கைப் பொருளுக்குள் ஏதோ உயிர்ச்சத்து ஒட்டியிருக்கிறது, ஆய்வகப் பொருளில் அது இல்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஆழத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அறிவியலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. உயிர்ப் பொருளை உயிரால்தான் உண்டாக்க முடியும் என்றார்கள். 1828இல் ஃபிரடெரிக் வோலர் சிறுநீரகம் எதுவும் இல்லாமல், அம்மோனியம் சயனேட்டைக் கொண்டு யூரியாவைச் செய்தார். கரிம வேதியியல் பாடத்தை நான் தொடங்குவது இந்த இடத்தில்தான். குடுவையில் வந்த யூரியாவுக்கும் உடம்பில் வந்த யூரியாவுக்கும் எந்தச் சோதனையிலும் வேறுபாடு தெரியாது.

சமணத் தத்துவத்துக்கு இது அதிர்ச்சி தருகிற செய்தி அல்ல. சீவன் வேறு, புத்கலம் வேறு. உயிர் அறியும், இன்ப துன்பம் நுகரும். புத்கலம் அணுக்களின் சேர்க்கை. அது சேரும், பிரியும், எதையும் நுகராது. குதிரையின் உடம்பைவிட்டு வெளியே வந்த ஈஸ்ட்ரோஜன் புத்கலம். சோயாவிலிருந்து செய்த எஸ்ட்ரடயோலும் புத்கலம். மூலக்கூறுக்குப் பிறந்த வீட்டு நினைவு கிடையாது. தூய்மையும் மாசும் அந்த மூலக்கூறில் இல்லை. அதை எடுக்கும்போது ஒரு சீவனுக்கு நாம் செய்ததில்தான் இருக்கிறது. ஆகவே செயற்கைப் பொருள் என்பதற்காக நான் அஞ்ச வேண்டியதில்லை, இயற்கைப் பொருள் என்பதற்காகக் கும்பிட வேண்டியதுமில்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அப்பாவிடம் பார்த்தேன். அப்பா விவசாயி. மல்லாட்டையும் நெல்லும் போடுவார். 1980களில் அவருக்குச் சர்க்கரை முற்றி, காஞ்சிபுரத்து டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். வீட்டில் குளிர்பெட்டி இல்லை. மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு சில்வர் டம்ளரை நிறுத்தி அதற்குள் இன்சுலின் குப்பியை வைத்திருப்போம். குப்பியில் பொடி எழுத்தில் இருந்ததை எட்டாம் வகுப்பில் படித்த என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்து, மாட்டிலிருந்து எடுத்தது என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று ஊசி போட்டுக்கொள்ளவில்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா அழுதார்: "நீங்க போயிட்டா இந்தப் புள்ளைங்க உசுரு உசுரு இல்லையா?"

பிறகு அவர் போட்டுக்கொண்டார். ஆனால் அதை மறக்கவோ, வேறு பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளவோ அவர் முயலவில்லை. தினமும் மாலையில் அன்றைய குற்றங்களை நினைந்து வருந்தும் பிரதிக்கிரமணத்தில், தன் உயிருக்காகப் போன உயிர்களைச் சேர்த்துக்கொண்டார். இல்லறத்தார்க்கு விடமுடியாத இம்சைகள் உண்டு, அவற்றைக் குறைக்கலாம், அவை இல்லை என்று சொல்லக்கூடாது என்பார். அந்த நேர்மையை நான் வேறு யாரிடமும் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

1982இல் அமெரிக்காவில் மனித இன்சுலின் அனுமதி பெற்றது. மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவைக் கொண்டே இன்சுலின் செய்விக்கும் முறை. பின்னால் ஈஸ்ட்டைக் கொண்டும் செய்தார்கள். அது எங்கள் ஊர்ப்பக்க மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்தபோது நான் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எப்படிச் செய்கிறார்கள் என்று அப்பாவுக்கு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அப்போ மாடு தப்பிச்சுதா?" தப்பித்தது என்றேன். விலை கூடுதல். மல்லாட்டை விற்ற காசில் முதலில் அதற்கு எடுத்து வைக்கச் சொன்னார். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் உயிர்தான், அது அவருக்குத் தெரியும். ஐம்புலன் உயிரிலிருந்து ஓரறிவு உயிருக்கு இம்சை இறங்கியதே, அந்த இறக்கத்துக்காக அவர் நன்றியோடு இருந்தார். மரபணுவை மாற்றிய செயற்கைப் பொருள் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

இயற்கையிலிருந்து எடுத்ததற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோனை இறந்த மனிதர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்துத்தான் ஊசி போட்டார்கள். மனிதனுடையது, மனிதனுக்கே. அப்படிப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் பல ஆண்டுகள் கழித்து மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயால் இறந்தார்கள். 1985இல் அமெரிக்கா அதை நிறுத்தியது. அதே ஆண்டு ஆய்வகத்தில் செய்த ஹார்மோன் வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

சரி, என் விஷயம். காஞ்சிபுரத்தில் நான் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எஸ்ட்ரடயோல் ஜெல்லைத் தோலில் தடவிக்கொள்ளலாம். வாய்வழி மாத்திரை முதலில் கல்லீரலைக் கடந்து போவதால் இரத்தம் கட்டும் அபாயம் சற்றுக் கூடும், தோல் வழியில் அந்தத் தொல்லை குறைவு. கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகத் தரக்கூடாது. அப்படித் தந்தால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வர வழியுண்டு என்பது 1975லேயே தெளிவானது. ஆகவே கூடவே புரொஜெஸ்டிரோன் வேண்டும். "டீச்சர், உங்களுக்கு இயற்கையான புரொஜெஸ்டிரோனே எழுதறேன். ராத்திரி படுக்கப் போகும்போது ஒண்ணு. நல்லா தூக்கமும் வரும்" என்றார்.

எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. பொழுது சாய்ந்தபின் நான் எதையும் உட்கொள்வதில்லை. அதற்காவது வழி தேடலாம். இன்னொன்று அந்தக் குளிகை. கண்ணாடி போல மின்னும் மென்மையான கூடு, உள்ளே எண்ணெயில் கலந்த மருந்து. அந்தக் கூடு ஜெலட்டின், அதாவது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்தது. உள்ளே இருக்கும் மருந்து சோயாவிலிருந்தோ கிழங்கிலிருந்தோ வந்திருக்க, அதைச் சுமக்கும் கூட்டுக்கு ஒரு மாடு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த விலங்கு என்றுகூட அதில் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி உணவுக்கான சட்டத்தால் வந்தது, அந்தச் சட்டம் மருந்துக்குப் பொருந்தாது.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. யோசித்து, டைட்ரோஜெஸ்டிரோன் என்ற மாத்திரையைச் சொன்னார். 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து புழக்கத்துக்கு வந்தது. புரொஜெஸ்டிரோனின் மூலக்கூறைப் புற ஊதாக் கதிரால் சற்றே வளைத்து உருமாற்றிச் செய்தது. மனித உடம்பில் எங்கும் இல்லாத, முழுச் செயற்கைப் பொருள். ஆனால் சாதாரண மாத்திரை, ஜெலட்டின் கூடு கிடையாது. மாலைச் சாப்பாட்டோடு விழுங்கிவிடலாம்.

செயற்கை என்பதால் அது என் உடம்பைக் கெடுக்குமா? தன்னுயிரும் உயிர்தான், தன்னைத் துன்புறுத்துவதும் இம்சைதான், ஆகவே இதையும் ஆராய வேண்டும். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெண்கள் நல முன்னெடுப்பு ஆய்வு பாதியில் நின்றபோது உலகமே அரண்டது. 16,608 பெண்கள் பங்குபெற்ற அந்த ஆய்வில் பாதிப்பேருக்குக் கொடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் அசிட்டேட் என்ற செயற்கைப் பொருளும் சேர்ந்த மாத்திரை. 10,000 பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கணக்கு வந்தது. பக்கவாதமும் இரத்தக்கட்டும் கூடின, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. பங்குபெற்றவர்களின் சராசரி வயது 63, பலருக்கு மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் காதில் வாங்கவில்லை. 50 வயதில் தகித்துக்கொண்டிருந்த பெண்கள் மருந்தைத் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இயற்கைக் களிம்பு வியாபாரம் செழித்தது.

பிரான்சில் 80,000 பெண்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஈ3என் ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனோடு இயற்கைப் புரொஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. டைட்ரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படிக் கூடவில்லை. மற்றச் செயற்கைப் புரொஜெஸ்டிரோன் வகைகளோடு எடுத்தவர்களுக்கு 69 சதவீதம் கூடியது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, சீட்டுப் போட்டுப் பிரித்துச் சோதித்தது அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இருந்தாலும் இயற்கைக் கட்சியின் பேச்சில் ஒரு பங்கு உண்மை உண்டு. செயற்கைப் பொருள்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது மறு பங்கு. ஒரு கோணத்தில் நின்று முழு உண்மையையும் பார்த்துவிட்டதாகச் சொல்லாதே என்று எங்கள் நெறியின் அனேகாந்தக் கொள்கை கற்பிப்பது இதற்குத்தான். குதிரை, கிழங்கு, குடுவை என்று பிறந்த இடத்தை வைத்து மருந்துக்குச் சாதி பார்த்தால், ஒவ்வொரு மருந்தும் உடம்பில் என்ன செய்கிறது என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

நான் ஜெல்லும் டைட்ரோஜெஸ்டிரோனும் எடுத்துக்கொள்கிறேன். தகிப்பு அடங்கியிருக்கிறது, இரவில் தூங்குகிறேன். இதிலும் இம்சை இல்லாமல் இல்லை. மருந்துகள் பெரும்பாலும் விலங்குகளில் சோதித்த பிறகே வருகின்றன. அப்பா போல நானும் அதை மாலையில் நினைத்துக்கொள்கிறேன். என் முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் இரத்தம் கட்டியவர்கள், ஈரல் கெட்டவர்கள் இந்த மருந்தின் பக்கமே போகக்கூடாத நிலை இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் களிம்பை அண்ணன் மகளிடமே, காரணத்தையும் சொல்லி, திருப்பிக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் ஒரு நாள் இந்த வயது வரும், அப்போது பயத்தால் அவள் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மருந்து நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். குளிகையின் கூடு எந்த விலங்கிலிருந்து வந்தது, மாத்திரையில் சேரும் மெக்னீசியம் ஸ்டியரேட் தாவரக் கொழுப்பா விலங்குக் கொழுப்பா, ஹார்மோன் எதிலிருந்து தொடங்கிச் செய்தது என்பதை அட்டையில் அச்சிடுங்கள். சமணர்களுக்கு மட்டுமல்ல, பன்றியை விலக்கும் முஸ்லிம்களுக்கும் பசுவை வணங்கும் இந்துக்களுக்கும் இது தெரிய வேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் பெண்களே, மருந்துக் கடையில் அட்டையை வாங்கும்போது 'இயற்கையா?' என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். எதிலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது, கூடு என்ன என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அட்டையில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். நானும் போட்டிருக்கிறேன்.